மஞ்சள் கொடி

"நீ கை தட்டலைன்னா கூடப் பரவால்ல மாமா. வீடியோவே பொய்யுன்னு சொன்னியே, அது இன்னா?"

சுரேஷ் பெருமாளைக் கேட்டான். காலையிலேயே வலைக்கூடத்தில் ஊர் கூடிவிட்டது.

எல்லையில் சண்டை தொடங்கிப் பன்னிரண்டு நாளாகிறது. எல்லை எங்கேயோ, பழவேற்காடு ஏரி எங்கேயோ. ஆனால் ஊரில் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகைச் சங்கு ஊதியதும் வீட்டுக்கு வீடு விளக்கை அணைத்தார்கள். தெரியாத படகு வந்தால் தகவல் சொல்ல ஒரு காவல் குழு போட்டார்கள். அதற்குச் சுரேஷ் தலைவன். கையில் விசிலும் டார்ச்சும் வந்ததிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது.

அப்போதுதான் ஊர் குரூப்புக்கு அந்த வீடியோ வந்தது. 'எதிரிப் படகைச் சாம்பலாக்கிய நம் வீரர்கள்' என்று குறுக்கே சிவப்பு எழுத்து. பின்னால் ரத்தம் கொதிக்க வைக்கும் பாட்டு. இருட்டில் ஒரு படகு எரிகிறது. தீக்கு நடுவே மஞ்சளாக ஏதோ ஒன்று சுருண்டு கருகுகிறது.

"அவங்க கொடி எரியுது பாரு!" என்று சுரேஷ் கத்தினான். மஞ்சள் கொடி எந்த நாட்டுக்கு இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

"படம் ஏன் இப்டி ஆடுது?" என்று மட்டும் கூடப் பார்த்த வினோதினி கேட்டாள்.

"கப்பல்லருந்து எடுத்தது. அலையில ஆடாம இன்னா பண்ணும்?" என்றான் சுரேஷ்.

அவ்வளவுதான். எதிரிக்கு வெளிச்சம் தெரியக் கூடாதென்று விளக்கை அணைத்த ஊர், தெருவுக்குத் தெரு பட்டாசு கொளுத்தியது. பெருமாள் மட்டும், "இது பொய்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

"பெருமாளு, நாளைக்குப் பாடு முறைக்குச் சீட்டுக் குலுக்கணும்" என்றார் ஊர்த் தலைவர் தருமலிங்கம். ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை விரிப்பது என்பதுதான் பாடு. "உன் பேரைச் சேக்கக் கூடாதுன்றாங்க. தப்பாச் சொல்ட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, முடிஞ்சிடும்."

பெருமாளுக்குச் சொந்தப் படகு இல்லாமல் போய் மூன்று வருடம் ஆகிறது. பால்ராஜ் படகில், பிடிக்கிற மீனில் பங்கு வாங்கிக்கொள்ளும் பங்காளாகப் போகிறார். பாடும் போய்விட்டால் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறாலைக் கையால் தடவித்தான் பிழைக்க வேண்டும். அவர் வயதுக்கு அது முடிகிற காரியமில்லை.

"பொய்யை மெய்யுன்னு சொல்ல மாட்டேன் தலைவரே."

"பொய்யுன்னு உனுக்கு எப்டித் தெரியும்?" சுரேஷ் எகிறினான்.

"தெரியும்."

"அதான், எப்டி?"

"சொல்லக் கூடாது."

"சொல்லக் கூடாதாமே! பேச்சைப் பாத்தீங்களா? அங்க ஜவானுங்க உசுரக் குடுத்துகினு கீறாங்க. இங்க இந்த ஆளு அவங்களை அசிங்கப்படுத்துறாரு. நம்ம ஊருக்குள்ளயே உளவாளி!"

கூட்டம் ஆமாம் போட்டது.

"அவங்களை நான் ஒண்ணும் சொல்லல" என்றார் பெருமாள். "அவங்க செய்யாத வேலையை அவங்க தலையில கட்டாதீங்கன்றேன். அவ்ளோதான்."

"அப்போ சொல்லு, எப்டித் தெரியும்?"

"அம்மன் முன்னால கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணிகீறேன். அந்தப் பேச்சை வாயால எடுக்க மாட்டேன்னு."

"எந்தச் சத்தியம்?" என்றார் தருமலிங்கம்.

"நீங்க வாங்கினதுதான் தலைவரே."

பெருமாள் அவரைப் பார்க்காமல் சுரேஷ் பக்கம் திரும்பினார்.

"நான் பேச மாட்டேன் சுரேசு. அந்தக் கொடியில எழுத்து கீது. நீயே நிறுத்திப் பெரிசாக்கிப் படி."

சுரேஷ் சிரித்துக்கொண்டே போனை எடுத்தான். நிறுத்தினான். இரண்டு விரலால் பெரிதாக்கினான். ஊர் முழுக்க அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தது.

"ப... வி..." என்றவன் நின்றான்.

"படி."

"பவித்ரா... மஞ்சள் நீராட்டு விழா..."

மகள் சடங்குக்கு அடித்த பிளெக்ஸ் பேனரைத்தான் பெருமாள் தன் படகுக்குப் பாயாகத் தைத்திருந்தார். மூன்று வருடத்துக்கு முன் பாடு பிரிக்கிற தகராறில் கரையிலேயே வைத்துக் கொளுத்தப்பட்ட படகு அது. கொளுத்தியது யார் என்று யாரும் தேடக் கூடாது, பேசக் கூடாது என்று ஊரே அவரிடம் சத்தியம் வாங்கியது.

வினோதினி, நேற்று தட்டிய கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ஊருக்கு வெட்கமாக இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

"இதைப் படம் புடிச்சவன் எவன்டா?" என்று தருமலிங்கம் கத்தினார்.

"கேக்காதீங்க தலைவரே" என்றார் பெருமாள். "சத்தியம்."

ஒரே ஒரு நண்பனுக்கு அனுப்பிவிட்டு மறுநாளே அழித்த வீடியோ, எங்கெங்கோ சுற்றி, பாட்டும் சிவப்பு எழுத்தும் ஒட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பியிருந்ததில் சுரேஷுக்கே அடையாளம் தெரியாமல் போயிருந்தது. இப்போது போன் அவன் கையில் கிடுகிடுவென்று ஆடியது. அன்றைக்குத் தீ வைத்துவிட்டுப் படம் பிடித்தபோதும் அந்தக் கை இப்படித்தான் ஆடியது.