ஒரு வகுப்பே கெட்டுப்போச்சு

“வகுப்பை நான் பார்த்தே ஆகணும் மேடம்” என்றாள் பையனின் சித்தி.

எதுவும் கேட்காதே, விலகல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பையனைக் கூட்டி வா என்றுதான் அக்கா அவளை அனுப்பியிருந்தாள்.

“பாருங்க. மூணு மாசமா வாயே திறக்கலை. கையை ஆட்டி ஆட்டி மத்த பிள்ளைங்களையும் கெடுத்துட்டான்” என்றார் மழலையர் பள்ளித் தலைமை ஆசிரியை.

அவள் சன்னல் வழியே பார்த்தாள். அழுதுகொண்டிருந்த சிறுமியிடம் நாலைந்து பிள்ளைகள் விரல்களை அசைத்தார்கள். சிறுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதிலுக்கு விரலசைத்துச் சிரித்தாள்.

சித்தி தலைமை ஆசிரியை பக்கம் திரும்பினாள்.

“‘அம்மா வந்துடுவாங்க, அழாதே’ன்னு சொல்றாங்க மேடம். இவன் அப்பா அம்மாவுக்குக் காது கேட்காது. சொன்னா சேர்க்க மாட்டீங்கன்னு மறைச்சோம். வீட்டுல பேசுற சைகை மொழியை ஒரு வகுப்புக்கே கத்துக்கொடுத்திருக்கான். உங்களுக்குத்தான் இன்னும் வரலை.”

படிவத்தை மடித்துப் பையில் போட்டாள்.

“நாளைக்கும் வருவான்” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.