அணையாத புள்ளி

"என் பெட்டியிலே உனக்கு என்னடி வேலை?"

பவானி போட்ட கூச்சலில் துப்பாக்கி சுடும் கிளப்பே திரும்பிப் பார்த்தது. அவளுடைய ஏர் பிஸ்டல் பெட்டியை மூடிக்கொண்டிருந்த இக்ரா சட்டென்று எழுந்தாள்.

"ஒண்ணுமில்லேக்கா... சும்மா பார்த்தேன்."

"ஃபைனலே நமக்குள்ளேதான். இந்த நேரத்துல எவளாவது சும்மா பார்ப்பாளா?"

ஜெயிப்பவருக்குக் கிளப்பில் கோச் வேலை. யாங்கோன் போட்டாதாங் படகுத்துறையில் புருஷனுக்கு வேலை போனதிலிருந்து பவானி கும்பிடாத சாமியில்லை. இக்ராவுக்கென்ன, அப்பாவுக்கு லத்தா பேட்டையில் துணிக்கடை.

போதாக்குறைக்கு, பிஸ்டல் மேல் மாட்டியிருந்த ரெட் டாட் வேறு பாடாய்ப் படுத்தியது. அதன் கண்ணாடியில் சிவப்பாய் ஒரு புள்ளி எரியும். அதை வைத்துத்தான் குறி பார்க்கணும். பேட்டரி வருஷக்கணக்கில் வரும் என்று சொல்லித்தான் விற்கிறான்கள். யாங்கோனில் கிடைக்கிற பேட்டரியோ ஒரு வாரம் தாங்கினால் பெரிசு! நேற்றுப் பயிற்சியிலேயே எல்லார் முன்னாலும் புள்ளி மினுக் மினுக்கென்று சாகக் கிடந்தது. கடை கடையாய் ஏறி இறங்கியும் நல்ல பேட்டரி அகப்படவில்லை.

நடுவர் டோ டின் டின் அம்மாள் வந்து பவானியின் பிஸ்டலை வாங்கிப் பார்த்தார்.

"கௌண்டே!" என்று பர்மியில் சபாஷ் போட்டார். "எல்லாம் சரியா இருக்கு. புள்ளியும் நல்லா எரியுது."

எரிகிறதா! பவானிக்கு நம்பவே முடியவில்லை.

"காளியாத்தா, என் வயித்துல பாலை வார்த்தே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இந்தக் குட்டி எதையும் கெடுப்பதற்குள் கையும் களவுமாய்ப் பிடித்தோமே, அதுவும் ஆத்தா புண்ணியம்தான்.

போட்டி ஆரம்பித்தது. பவானியின் புள்ளி குங்குமப் பொட்டாட்டம் நின்றது. சுட்டதெல்லாம் நடுவில்.

பாதியில் இக்ரா தன் பிஸ்டலைத் தட்டினாள், உதறினாள். ஊஹூம், அவள் புள்ளி அணைந்துவிட்டது. அதற்கப்புறம் அவள் சுட்டதெல்லாம் எங்கெங்கோ போயிற்று.

"கெடுவான் கேடு நினைப்பான்," என்று முணுமுணுத்தாள் பவானி.

ஜெயித்ததும் மைக்கைக் கொடுத்தார்கள். அழுதுகொண்டே எல்லாருக்கும் நன்றி சொன்னாள். காளியாத்தாவுக்கு, நடுவருக்கு, புருஷனுக்கு, கை தட்டின ஜனத்துக்கு. இக்ராவும் ஓரமாய் நின்று கை தட்டினாள். அவளைப் பார்த்ததும் பவானி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தது. இனிமேலாவது பேட்டரியை மிச்சம் பிடிப்போம் என்று, பவானி ரெட் டாட்டின் மூடியைத் திருகிக் கழற்றினாள்.

உள்ளே இருந்தது அவள் போட்ட பேட்டரியே இல்லை. பளபளவென்று புத்தம் புதுசு. அதன் மேல் பச்சை மையில், பொடி எழுத்தில் '786'.

"அடிப்பாவி! உன்னுதை எனக்குப் போட்டுட்டு, சாகக் கிடந்த பேட்டரியோடயா நீ வந்து நின்னே!"

அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"இக்ரா! நில்லும்மா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"கொடுத்தா நீங்க வாங்கியிருப்பீங்களாக்கா?"

மைக்கில் எல்லாருக்கும் மளமளவென்று நன்றி சொன்ன பவானி, விட்டுப்போன ஒருத்தியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.