சிடுமூஞ்சியின் புகார்

“தம்பி, ஒண்ணு அந்தச் சிடுமூஞ்சி குழுவுல இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்!”

கணினியில் புத்தகம் படிக்க உதவும் ஓர் இலவச மென்பொருள். ஆளுக்கொரு மூலையில் இருந்தபடி சம்பளமில்லாமல் எழுதுகிறவர்களின் குழு. சம்பளமில்லாத வேலைக்குத்தான் ரோஷம் அதிகம். பொறுப்பாளருக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளினாள் அவள்.

“இப்ப என்னக்கா எழுதினார்?”

“‘மறுபடியும் கோட்டை விட்டாச்சு’ன்னு. எல்லாரும் பார்க்கற மாதிரி!”

கோட்டை விட்டது உண்மைதான். பார்வையில்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்லி கருவிக்கான பகுதி அவளுடையது. அதற்கான துணை நிரல் கணினியில் இருந்தால் சேர்த்துக்கொள், இல்லையென்றால் தாண்டிப் போ என்று நிபந்தனை போட வேண்டும். ஒரே ஒரு வரியை நிபந்தனைக்கு வெளியே விட்டுவிட்டாள். துணை நிரல் இல்லாதவர்களுக்கு மொத்த மென்பொருளும் கம்பைல் ஆகாமல், ஓடும் வடிவத்துக்கே வராமல் நின்றுபோனது.

அந்தப் பகுதியை முதலில் எழுதியவர் அவள் கணவர். பார்வை போன பிறகு விரலால் தடவித் தடவி எழுதினார். அவர் போய் இரண்டு வருஷம். அவள் நிரல் எழுதக் கற்றுக்கொண்டதே அதற்கு அப்புறம்தான். வீட்டில் பேச ஆளில்லை. சில நாள் வாயைத் திறக்காமலே பொழுது போய்விடும். இந்தப் பகுதியாவது இருக்கிறதே என்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நாம புதுசா வெளியிடற ஒவ்வொரு ரிலீசுக்கும் குத்தம். ஒரு தடவையாவது நல்லா இருக்குன்னு சொன்னாரா? அவரைத் தூக்கிடு தம்பி.”

“தூக்கினா உங்க பகுதியும் போயிடும்க்கா.”

“ஏன்?”

“மூணு ரிலீஸ் வரைக்கும் ஒரு பகுதியைப் பத்தி யாருமே எழுதலேன்னா அதை எடுத்துடணும். நாமளே போட்ட ரூல்தானே? உங்களுதைப் பத்தி எழுதறது அவர் ஒருத்தர்தான்.”

அவள் குரல் இறங்கியது. “ஐயோ, அவருக்கும் பார்வை இல்லையா? அது தெரியாம நான் வேற...”

“கண்ணு நல்லாத் தெரியும்க்கா. அவர்கிட்ட அந்தக் கருவியே கிடையாது.”

“பின்ன எதுக்கு இதைக் கட்டிட்டு அழறார்?”



“நானும் கேட்டேன். ‘நல்லா இருக்குன்னு எழுதினா நன்றின்னு ஒரு வார்த்தையோட முடிஞ்சிடும். குத்தம் சொன்னா, சண்டை போடவாவது அந்தம்மா நாலு வரி எழுதுவாங்க. எனக்கும் வேற யார் எழுதறாங்க?’ன்னார்.”