கறுப்பு ஒளித்து வைத்த படம்

ஒரு போட்டோ ஸ்டூடியோவின் கம்ப்யூட்டர் பெட்டிக்குள், படங்களைச் சேமித்து வைக்கும் கறுப்பு டிஸ்க் தனிக்காட்டு ராஜாவாக இருந்தது. ஊர்ப் படங்கள் மொத்தமும் அதனிடம்தான். ஒருநாள் வெள்ளை, நீலம் என்று இரண்டு புது டிஸ்க்குகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன.

“அண்ணே, எல்லாப் படத்துலயும் எங்களுக்கு ஆளுக்கொரு நகல் குடுங்க! நம்மள்ல ஒருத்தர் படுத்துட்டாலும் படமெல்லாம் பத்திரமா இருக்கும்!” என்று துள்ளியது நீலம்.

கறுப்புக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. கல்யாணம், காதுகுத்து, யானை ஊர்வலம் என்று அள்ளி அள்ளிக் கொடுத்தது. பெட்டியே அதிர்ந்தது! ஆனால் தனக்கு ரொம்பப் பிடித்த ஒரு படத்தை மட்டும் கொடுக்கவில்லை. இதையும் கொடுத்துவிட்டால் அப்புறம் தனக்கென்று என்ன மரியாதை?

“அது என்ன படம் அண்ணே?” என்றது, ஒரு படம் மட்டும் வராததைக் கவனித்துவிட்ட வெள்ளை.

“அதெல்லாம் சொல்ல முடியாது, போ!”

மறுவாரம் மின்னல் வெட்டியதில் கறுப்புக்குள் இருந்ததெல்லாம் துடைத்தாற்போல் அழிந்துபோனது. தம்பிகள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு படங்களைத் திருப்பிக் கொட்டினார்கள். கல்யாணம் வந்தது, காதுகுத்து வந்தது, யானைகூட வந்துவிட்டது! கறுப்பு குதியாட்டம் போட்டது.

கடைசியில் ஒரு காலி இடம் மிஞ்சியது.

“இங்கே என்னடா இருந்துச்சு?”

“உங்களுக்குத்தானே அண்ணே தெரியும்,” என்றது வெள்ளை.