சத்தம் நின்ற படம்

இந்தக் காலத்து ஜனங்களைக் கண்டாலே கங்கப்பனுக்கு எரிச்சல். திரையில் போலீஸ்காரன் லஞ்சம் வாங்கினால் காறித் துப்புகிறார்கள்; ரோட்டில் வாங்கினால் எழுந்து நின்று கும்பிடுகிறார்கள்.

சூளகிரி டென்ட் கொட்டகையில், தமிழ் புரியாதவர்களுக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் கதை சொல்வது கிழவரின் வேலை. படம் அன்றைக்குத்தான் ஊருக்கு வந்திருந்தது. அவர் மட்டும் ஓசூரில் முன்னமே பார்த்துவிட்டு வந்திருந்தார்.

அவர் மகன் முனிவேல், வண்டிக்காரன், லாக்கப்பில் கிடந்தான். மைசூர் எல்லையிலிருந்து சாராயம் கடத்தினானாம். அவனைப் பிடித்த இன்ஸ்பெக்டர் முன்வரிசை நாற்காலியில். பக்கத்தில் கட்சித் தலைவர் ராமப்பன்.

பாதிப் படத்தில் சத்தம் நின்றுபோனது. படம் மட்டும் ஓடியது.

“கங்கப்பண்ணா, மிஷின் மக்கர் பண்ணுது. நீயே சொல்லி ஓட்டு,” என்று கத்தினான் ஆபரேட்டர் ஜான்பீட்டர்.

திரையில் ஒரு இன்ஸ்பெக்டர் வெற்றிலை, பாக்கு, தேங்காய் வைத்த தட்டோடு ஒரு தலைவர் வீட்டுக்குள் நுழைந்தார். இருவரும் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள்.

கங்கப்பன் தமிழிலேயே ஆரம்பித்தார். “சாராய லோடு காட்டு வழியா போயிருச்சுங்கறான் போலீசு. கேசுக்கு ஆள் வேணுமேங்கறான். ‘எவனாச்சும் வண்டிக்காரனப் புடிச்சுப் போடு, அவனுக்குக் கேக்க நாதி ஏது’ங்கறான் தலைவன்.”

கொட்டகையே துப்பியது.

ராமப்பன் இன்ஸ்பெக்டரின் காதோரம் சாய்ந்தார். படத்துச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். சத்தம் நின்றது அவருக்கு மறந்தே போனது.

“சானமாவு காட்டுல நாம பேசினது இந்தக் கெழவனுக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?”

கடைசி வரிசை வரை கேட்டது. மணலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். முறுக்கு விற்கும் நாகம்மா கூடையோடு வாசலை மறித்துக்கொண்டாள்.

“முனிவேல விட்டுடறேன்னு சொல்லிட்டு வெளிய போ சாமி.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் எடுத்தார். “காலையில விட்டுடறேன். போதுமா?”

“உன் வார்த்தைய நம்பி வீட்டுக்குப் போக நான் ஆளில்ல. ஸ்டேஷன் வாசல்லயே உக்காந்துக்கறேன்.” கங்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஜான்பீட்டர் பின்னாலேயே ஓடிவந்தான். “அவங்க பேசினத யாருண்ணா உனக்குச் சொன்னது?”

கிழவர் திரும்பவில்லை.

“ஒருத்தரும் சொல்லலடா. அது கல்யாணத்துக்குப் பொண்ணு கேக்கற சீனு, நான் வாய்க்கு வந்தத அடிச்சு விட்டேன்.”