பொய் சொல்லும் சென்சார்

“இதோட மூணாவது தடவை. இது வண்டியா, வம்பா?”

மகள் மேஜையில் அடித்த அடியில் ஸ்க்ரூடிரைவர் உருண்டு கீழே விழுந்தது. சர்வீஸ் சென்டர் டெக்னீஷியன் குனிந்து அதை எடுத்தான். அவளுக்குப் பின்னால், மோட்டார் வைத்த சக்கர நாற்காலியில் அப்பா அவளைவிடச் சூடாக உட்கார்ந்திருந்தார்.

“மோட்டாரை இயக்கற டிரைவர் போர்டை ரெண்டு தடவை மாத்தியாச்சு மேடம். மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு பார்க்க அதுல ஒரு சென்சார் இருக்கு. ஆள் உட்கார்ந்து ஓட்டினா எட்டு ஆம்பியர் காட்டும். உங்க வண்டியில திடீர்னு ரெண்டுக்கு இறங்கிடுது. சென்சார் செத்துப்போச்சுன்னு நினைச்சு போர்டு மோட்டாரை நிறுத்திடுது.”

“அப்ப சென்சார்தானே கோளாறு?”

“அந்த எழவைக் கழட்டி எறிங்க. அது இல்லாமலே ஓடட்டும்” என்றார் அப்பா.

“எங்கயாவது மாட்டிக்கிட்டா மோட்டார் எரிஞ்சுடும் ஐயா.”

“எரியட்டும்.”

அவருக்குக் கால்கள் விழுந்து இரண்டு வருடம். மாற்றலாகிப் போன ஊரில் அவள் கணவன் தனியாகப் பொங்கித் தின்கிறான். எப்போது வருகிறாய் என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டான். அப்பாவை இப்படியே போட்டுவிட்டு எங்கே போவது? அந்த ஆத்திரத்தை யார் தலையில் கொட்டுவது என்று தெரியாமல் வைத்திருந்தாள். இன்றைக்கு ஆள் கிடைத்துவிட்டான்.

“எல்லாம் ஏமாத்து வேலை. முடியாத மனுஷர் நடு ஹால்ல சிக்கிக்கிட்டுக் கிடக்கிறார். உங்களுக்கு விளையாட்டா இருக்கு. சென்சார் பொய் சொல்லுது, நீங்க அதுக்கு மேல சொல்றீங்க.”

டெக்னீஷியனுக்கும் முகம் சிவந்தது. லேப்டாப்பை அவள் பக்கம் வெடுக்கென்று திருப்பினான்.

“யார் ஏமாத்தறது? நீங்களே பாருங்க. காலையிலயும் சாயந்திரமும் ஒழுங்கா எட்டு ஆம்பியர். பதினோரு மணியிலேர்ந்து அரைமணி நேரம் மட்டும் ரெண்டு. சென்சார் கெட்டிருந்தா நாள் பூரா தப்பாத்தானே காட்டணும்? போன மாசம் புது சாஃப்ட்வேர் போட்டோம், கரண்ட் இப்படிக் குறைஞ்சா அது வண்டியை நிறுத்திடும், அதனாலதான் இப்ப நிக்குது. ஆனா இந்த ரெண்டு ஆம்பியர் பதினாலு மாசமா பதிவாகியிருக்கு.”

“பதினாலு மாசமா உங்களுக்குத் தெரியலையா?”

“யாரும் கேட்கலை, நாங்க பார்க்கலை. அது எங்க தப்புதான்.”

“விடும்மா, வேற கம்பெனி வண்டி வாங்கிக்கலாம். வா, போலாம்” என்றார் அப்பா. குரலில் அவசரம் இருந்தது.

அவள் திரும்பவில்லை. “ரெண்டுன்னா என்ன அர்த்தம்?”

டெக்னீஷியன் அப்பாவை ஒருமுறை பார்த்தான். கோபம் போய்க் குரல் தணிந்தது. “காலி வண்டி மேடம். யாரோ பக்கத்துல நடந்துக்கிட்டே அதை ஓட்டிட்டுப் போறாங்க.”

பதினோரு மணி அவள் கடைக்குப் போகும் நேரம். அப்போது வீட்டில் அப்பாவைத் தவிர யாரும் இருப்பதில்லை.

அவள் குனிந்து, நாற்காலியின் சாவியைத் திருகி எடுத்து டெக்னீஷியனிடம் கொடுத்தாள்.

“வண்டி இங்கயே இருக்கட்டும். எழுந்திரிங்கப்பா, நடந்தே போகலாம்.”