உரித்து ஒட்டிய தகடு

“பயப்படாதீங்கக்கா. நான் கை வெச்சு ஓடாத கம்ப்யூட்டர் இந்த மாகாணத்துலயே கிடையாது!”

ஃபாபிரிசியோ சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மேசையருகே உட்கார்ந்தான். கோர்தோபாவிலிருந்து இந்த வியா கார்லோஸ் பாஸ் ஊருக்கு ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தான். சும்மா வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய ஓவர்க்ளாக் சங்கத்தில் தேர்தல். கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் கம்ப்யூட்டரை விரட்டிப் பார்க்கும் பைத்தியங்களின் சங்கம் அது. பழைய பாகங்கள் கைமாறும்போது நல்லதா, சொத்தையா என்று தீர்ப்புச் சொல்லும் நடுவர் பதவிக்கு அவன் நிற்கிறான். ஐந்து வருட ஆசை! நெலிதாக்கா சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவள். உதவி கேட்டுப் போன் செய்தபோதே ஒரு ஓட்டு நிச்சயம் என்று கிளம்பிவிட்டான்.

“என்ன செய்றது தம்பி? பொண்ணுங்களோட பதினஞ்சாவது பிறந்தநாள் விழாவை வீடியோ எடுத்துக் குடுக்கிறதுதான் என் பிழைப்பு. எடிட் பண்ண உட்கார்ந்தா, பொண்ணு அப்பாகூட ஆட ஆரம்பிக்கிற இடத்துல திரை நீலமாகி நின்னுடுது. மூணு அம்மாக்கள் போன்லயே என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டாங்க.”

“வேகத்தைக் கூட்டினீங்களா?”

“வேலை சீக்கிரம் முடியுமேன்னு பிராசஸரையும் மெமரியையும் கொஞ்சம்...”

“ரெண்டையும் ஒண்ணாவா? போச்சு! அப்புறம் எது குற்றவாளின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் தொடணும். இப்பப் பாருங்க.”

முதலில் பிராசஸரைப் பழைய வேகத்துக்கு இறக்கினான். பென் டிரைவைச் செருகி மெமரி சோதனையை ஓடவிட்டான். பத்தாவது நிமிடம் திரையில் சிவப்பு வரிகள். மெமரியின் வேகத்தையும் இறக்கினான். மறுபடியும் சிவப்பு. மின்னழுத்தத்தைத் துளி ஏற்றினான். அதற்கும் சிவப்புதான். நெலிதாக்கா மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றி ஊற்றி நீட்ட, அவன் உறிஞ்சிவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தபடியே பெட்டியைத் திறந்தான்.

உள்ளே மெமரிப் பட்டைகள் இரண்டு இருந்தன. ஒன்றைக் கழற்றி வைத்தான். மற்றது அரை மணி நேரம் தப்பே இல்லாமல் ஓடியது. அதை எடுத்துவிட்டு, முதலில் கழற்றியதை அதே இடத்தில் செருகினான். ஐந்தே நிமிடத்தில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

“மாட்டினான்! இந்தப் பட்டைதான். எங்கக்கா வாங்கினீங்க?”

“பழசுதான் தம்பி. இன்டர்நெட்ல பார்த்து, மருமகன் பேர்ல வாங்கினேன். கோர்தோபாவுலேர்ந்து பஸ் பார்சல்ல வந்துச்சு. வித்தவன் இப்போ போனே எடுக்க மாட்டேங்கிறான்.”

ஃபாபிரிசியோ ஜன்னல் வெளிச்சத்தில் பட்டையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தான்.

“சூடு தணிக்க மேல ஒட்டியிருக்கிற இந்தத் தகடு ஓரத்துல பசையைப் பாருங்க. உரிச்சுட்டு மறுபடி ஒட்டியிருக்கான். எதுக்கு உரிப்பாங்க தெரியுமா? திரவ நைட்ரஜனை ஊத்திக் குளிர வெச்சு, கண்டபடி மின்சாரத்தை ஏத்தி, போட்டிக்கு விரட்டத்தான். நல்லாப் பிழிஞ்சு எடுத்துட்டு, சக்கையை உங்க தலையில கட்டிட்டான்!”

“ஐயோ பாவம், தெரியாம வித்திருப்பானோ?”

“தெரியாமலா! ஒரு ராத்திரி சோதனை ஓடவிட்டிருந்தா பல்லிளிச்சிருக்கும். தெரிஞ்சே வித்த திருட்டுப் பயக்கா அவன். நீங்க பாவம் பார்க்காதீங்க.”

“நைட்ரஜன் ஊத்துறவங்க உங்க ஊர்ல நிறைய பேரா?”

“மொத்தமே மூணு பேர். நான், குண்டு ஒக்தாவியோ, அப்புறம் ரமீரோ.” கடைசிப் பெயரைச் சொல்லும்போதே அவன் மனம் துள்ளியது. ரமீரோவும் அதே நடுவர் பதவிக்கு நிற்கிறான். “நான் வேற தனியாச் சொல்லணுமா? இது ரமீரோ கைவரிசைதான்!”

“அடப்பாவி! அப்போ இதையெல்லாம் எழுதிக் குடுங்க தம்பி. ஞாயித்துக்கிழமை ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் படிச்சுக் காட்டறேன். கம்ப்யூட்டரைத்தான் பிரிச்சுப் போட்டிருக்கீங்களே, கையாலயே எழுதிடுங்க.”

அவனுக்கு வாயெல்லாம் பல். ரமீரோவின் பெயரை மட்டும் பெருந்தன்மையாக விட்டுவிட்டு, வளைத்து வளைத்து எழுதினான்: ‘வியா கார்லோஸ் பாஸ் ஊருக்கு இந்தப் பட்டையை அனுப்பியவன் தெரிந்தே ஏமாற்றியிருக்கிறான். அவனுக்கு நம் சங்கத்தில் இடமே இருக்கக் கூடாது.’ கீழே முழுப் பெயரோடு கையெழுத்தும் போட்டான்.

நெலிதாக்கா தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

“ரொம்பச் சரியான தீர்ப்பு. ரமீரோ செவ்வாய்க்கிழமை வந்து இதே பட்டையைத்தான் பிடிச்சான். ஒக்தாவியோ நேத்து வந்தான். அவனும் இதையேதான் சொன்னான். ரெண்டு பேருமே கையால எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க.”

“எல்லாரையுமா கூப்பிட்டீங்க?” ஃபாபிரிசியோவுக்குப் புரியவில்லை. “ஒரே கோளாறுக்கு மூணு பேர் எதுக்குக்கா?”

அவள் அலமாரியைத் திறந்து, பட்டை வந்திறங்கிய அட்டைப் பெட்டியை எடுத்து அவன் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அனுப்பியவர் என்ற இடத்தில் யாரோ ஒரு குயிரோகாவின் பெயர் இருந்தது. அதன் கீழே, மருமகனின் விலாசத்தில், அதே வளைந்து வளைந்த எழுத்தில் ‘வியா கார்லோஸ் பாஸ்’.

“அவங்க ரெண்டு பேர் எழுத்தும் இதோட ஒத்துவரலை தம்பி.”